பழம் பொம்மையின் விலையும் மதிப்பும்

விலை என்பது ஒன்று. மதிப்பு என்பது வேறொன்று. வில் என்னும் அடியாகப் பிறந்தது விலை. மதி என்னும் அடியாகப் பிறந்தது மதிப்பு. விற்பாருக்கும் கொள்வாருக்கும் நடுவே நிற்பது முன்னையது. எண்ணிப் பார்ப்பாருடைய அறிவிலே நிற்பது பின்னையது. வழக்கிலோ இவ்விரண்டையும் ஒன்றாகவே கொண்டுவிட்டோம். 'இதற்கு என்ன மதிப்பு?' என்று வினவுபவர் பெரும்பாலும் 'இதற்கு எத்தனை ரூபா தருவார்கள்?' என்பதையே வினவுகின்றார். இம்மயக்கத்தினாலே நம் வீடுகளிலிருந்து நாடோறும் பழம் பொருள்கள் வெளியேறுகின்றன. சில கடைக்குப் போகின்றன. பல குப்பைக்குப் போகின்றன. இவ்வாரம் அத்தகையதொரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய எண்ணுகின்றோம். அப்பொருள், குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் பஞ்சடைத்த கரடிப் பொம்மை.

இலக்கியப் பக்கத்தில் பொம்மைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வியத்தல் கூடும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பருவங்களின் இறுதியிலே சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றையும் வைத்தனர். பெண்பாலுக்குக் கழங்கும் அம்மானையும் ஊசலும் வைத்தனர். வடமொழியிற் சூத்திரகன் பெயரால் வழங்கும் நாடகமோ ஒரு குழந்தையின் மண் வண்டியையே தன் பெயராகக் கொண்டது. அதனைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' எனத் தமிழாக்கித் தந்தார். விளையாட்டுப் பொருளை இலக்கியத்துக்குப் புறம்பானதென்று ஒதுக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததில்லை என்பதற்கு இவை போதும்.

நிற்க. கரடிப் பொம்மைக்கு மேனாட்டார் 'டெடி' என்று பெயரிட்ட வரலாறு பலரும் அறிந்ததே. எனினும் அறிந்ததாகக் கருதப்படும் அவ்வரலாற்றில் உண்மையும் புனைவும் விரவிக் கிடக்கின்றன. 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அமெரிக்க ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்துக்கு வேட்டைக்குச் சென்றார். அவருக்கு வேட்டை எதுவும் வாய்க்காமையால், உடன் சென்றோர் ஒரு கரடியைப் பிடித்து மரத்திலே கட்டிவைத்து அதனைச் சுடுமாறு வேண்டினர். கட்டுண்ட விலங்கைச் சுடுதல் வேட்டை அறமன்று என்று அவர் மறுத்துவிட்டார். கிளிபர்ட் பெரிமன் என்னும் ஓவியர் அந்நிகழ்ச்சியைக் கேலிச்சித்திரமாக வரைய, அது நவம்பர் 16ஆம் நாள் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. இவ்வளவும் மெய். ஆயின், கதை சொல்வோர் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு. காயம்பட்டு வருந்திய அக்கரடியின் துன்பத்தை முடிக்குமாறு ரூஸ்வெல்ட் பணித்தார். அது கத்தியாற் கொல்லப்பட்டது. முதிர்ந்த கரடியாயிருந்த அது மக்கள் நினைவிலே குட்டியாயிற்று. இறந்த அது தப்பிப் பிழைத்ததாயிற்று.

அச்சித்திரத்தைக் கண்ட புரூக்ளின் நகரத்து மிட்டாய்க் கடைக்காரர் மொரிஸ் மிக்டம் என்பவரும் அவர் மனைவி றோசும் துணியிலே ஒரு கரடியைத் தைத்துத் தம் கடையில் வைத்தனர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர் அவர். அதற்கு 'டெடியின் கரடி' என்று ஜனாதிபதியின் செல்லப் பெயரைச் சூட்டினர். அதே காலத்தில், இதனை அறியாமலே, ஜேர்மனியின் கீங்கன் என்னும் சிற்றூரிலும் ஒரு கரடி உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே மார்கரெட் ஸ்டைவ் என்னும் பெண்மணி இருந்தார். 1847இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதத்தாற் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தையலைத் தொழிலாகக் கொண்டு, 1880இல் கம்பளித் துணியால் சிறு யானைகள் செய்து விற்கத் தொடங்கினார். ஊசி குத்தி வைப்பதற்காகச் செய்த அவற்றைக் குழந்தைகள் விளையாடுவதற்கென்று பறித்துக்கொண்டனர். அதனால் பொம்மைத் தொழில் பிறந்தது. அவருடைய மருமகன் றிச்சர்ட் ஸ்டைவ் 1902இல் கைகாலை அசைக்கக்கூடிய கரடி ஒன்றை அமைத்தார். 1903இல் லைப்சிக் கண்காட்சியில் அமெரிக்க வணிகர் ஒருவர் அவற்றுள் 3,000 வேண்டுமென்றார். 1907ஆம் ஆண்டில் மாத்திரம் அத்தொழிற்சாலை 974,000 கரடிகளைச் செய்தது. எழுந்து நடக்க இயலாத ஒரு பெண்ணின் ஊசிமுனையிலிருந்து இத்தனையும் எழுந்தன என்பதை மாணவர் நினைவிற்கொள்ளுதல் நன்று.

இனி விலையை நோக்குவோம். 1904ஆம் ஆண்டளவில் அத்தொழிற்சாலை செய்த கரடி ஒன்று, 1994ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்திலே 110,000 பவுணுக்கு விலைபோயிற்று. 'டெடி கேர்ள்' என்பது அதன் பெயர். அதனைக் கொண்டவர் யப்பானில் பொம்மைகளுக்கென ஓர் அரும்பொருளகம் அமைக்க முற்பட்டவர். இச்செய்தி பரவியதும் ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீடுகளில் பரண்கள் கிண்டப்பட்டன. கிடைத்தவற்றுட் பெரும்பாலானவை அற்ப விலையே பெறுவன. பழையது என்பதொன்றே விலையைத் தருவதன்று. அக்கரடி அப்பெருந்தொகை பெற்றமைக்குக் காரணம் மூன்று. யார் செய்தது என்பது ஐயமின்றித் தெரிந்திருந்தது. அருமையான நிறமும் கெடாத நிலையும் அதற்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கேணல் ஹெண்டர்சன் என்பவர் தம் சிறுபருவம் முதல் வாழ்நாள் முழுவதும் பிரியாது வைத்திருந்த தோழன் அது என்பதைப் பலரும் அறிந்திருந்தனர். எனவே, விலையை உயர்த்தியதும் ஒருவகையில் அந்த மனிதருடைய அன்பின் வரலாறே. அவ்வரலாறு அறியப்படாதிருப்பின் அது ஒரு நல்ல பழம் பொம்மை, அவ்வளவே.

பொம்மையின் காலத்தை அறிவதற்குத் துறைபோயவர் சில அடையாளங்களை நோக்குவர். தொடக்க காலத்துக் கரடிகளின் கண்கள் சப்பாத்துப் பொத்தான்கள். பின்னர்க் கண்ணாடிக் கண்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பிளாஸ்டிக் கண்கள் வழக்காயின. மேற்றோல், அங்கோரா ஆட்டின் உரோமத்தை நெய்த 'மோஹேர்' துணி. போருக்குப் பிந்திய காலத்திற் செயற்கை இழை அதன் இடத்தைப் பிடித்தது. உள்ளீடு இன்னொரு சான்று. முந்திய கரடிகளுள் மயிர்போல மெல்லிதாய்ச் சீவிய மரச்சுருள் இருக்கும். அழுத்தினால் நொறுநொறுவென ஒலிக்கும். 1920களிலிருந்து பிரித்தானியக் கரடிகள் பலவற்றுள் அடைக்கப்பட்டது இலவம் பஞ்சு. யாவாத் தீவிலிருந்து கப்பலேறிச் சென்ற பஞ்சு அது. நம் வீட்டுத் தலையணைகளில் உள்ள அதே பஞ்சே இலண்டன் குழந்தையின் கரடிக்குள்ளும் இருந்தது. இலவு காத்த கிளியின் கதையை இரங்கிச் சொல்லும் நாம், அவ்விலவு வேறோர் நாட்டுக் குழந்தைக்கு உறங்கும் துணையாயிற்று என்பதையும் அறிந்து மகிழலாம். 1942இல் யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியதும் அப்பஞ்சின் வரவு தடைப்பட்டது. ஒரு பொம்மையின் வயிற்றைத் தடவிப் பார்த்தே உலக வணிகத்தின் வரலாற்றை ஓரளவு உணரலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஸ்டைவ் கரடிகளின் காதிலே 1904 முதல் ஓர் உலோகப் பொத்தான் பதிக்கப்பட்டு வருகின்றது. அதனைக் கண்டவுடனே பெருநிதி கிடைத்ததென்று எண்ணுதல் தவறு. அக்கம்பனி இன்றும் பொம்மை செய்கின்றது. 1980 முதல் தன் பழைய வடிவங்களையே மறுபடியும் செய்து விற்கின்றது. போலிப் பொத்தான் பதித்து ஏமாற்றுவாரும் உளர். ஆகவே விற்க விரும்புவோர் ஒருவர் சொல்லை மட்டும் நம்பாது, துறையறிந்த மதிப்பீட்டாளரிடமும் பெயர்பெற்ற ஏல நிலையங்களிடமும் காட்டித் தெளிதல் வேண்டும். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருப்பின் அவர் சொல்லும் தொகையை ஆராயாது ஏற்றல் அறிவுடைமை ஆகாது.

பேணும் முறையிலும் பெரும்பிழைகள் நிகழ்கின்றன. நெடுங்காலம் கிடந்த பொம்மையைக் கண்டெடுத்தவர் முதலிற் செய்வது அதனைச் சவர்க்கார நீரில் தோய்ப்பது. மரச்சுருள் நனைந்தால் எளிதில் உலராது; உள்ளே பூஞ்சணம் பிடித்துத் தையல் இற்றுப்போகும். அடுத்துச் செய்வது, தேய்ந்த மூக்கையும் உள்ளங்கையையும் பளபளக்கும் புதுத்துணியால் மாற்றுவது. அது சுவடி படிப்போன் பொருள் விளங்காத சொல்லை அழித்துத் தன் சொல்லை எழுதுவதற்கு ஒப்பாகும். மென்மையான தூரிகையால் தூசு தட்டுக. வெயில் படாத உலர்ந்த இடத்தில் வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைக்க. அந்துப் பூச்சி உண்டென ஐயுறின், அரும்பொருளகத்தார் செய்வதுபோலப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரு வாரம் வைத்தெடுத்தல் ஒரு வழி. கிழிசல் பெருகுமானால் மட்டும், வேண்டியாங்குப் பிரித்துவிடக்கூடிய மெல்லிய தையலிடுக. நம் நாட்டு ஈரக்காற்றில் இக்கவனம் இருமடங்காக வேண்டும். இவை எல்லாம் விற்பார்க்கு மட்டும் உரியன அல்ல, வைத்திருப்பார்க்கும் உரியன.

இனி விலைக்கு அப்பாற்பட்டதை நோக்குவோம். ஏ. ஏ. மில்ன் எழுதிய 'வின்னி த பூ' கதைகளை ஆங்கிலம் படிக்கும் மாணவர் அறிவர். அக்கதைக்கு அடிப்படையான கரடி, இலண்டன் ஹரட்ஸ் கடையிலே 1921இல் வாங்கப்பட்டு, ஆசிரியரின் மகன் கிறிஸ்டபர் றொபினுக்கு முதலாம் பிறந்தநாட் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதுவும் அதன் தோழர் நால்வரும் இன்று நியூயோர்க் பொது நூலகத்தில் உள்ளனர். 1987இல் அங்குச் சேர்ந்தனர். கங்காருக் குட்டியான 'றூ' மட்டும் அங்கில்லை. 1930களில் அது ஓர் அப்பிள் தோட்டத்திலே தொலைந்துபோயிற்று. 1998இல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அப்பொம்மைகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்ப வேண்டுமெனக் குரலெழுப்பினார். இரு நாடுகள் சில பொம்மைகளுக்காக வாதிட்டன எனின், அங்கே பேசப்பட்டது பஞ்சும் துணியும் அல்ல என்பது வெளிப்படை.

மிக்டம் செய்த பழங் கரடிகளுள் ஒன்று வாஷிங்டன் சிமித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கின்றது. மிக்டத்தின் மகன் அதனை 1963ஆம் ஆண்டளவில் ரூஸ்வெல்ட்டின் பேரர் கேர்மிட் ரூஸ்வெல்ட் குடும்பத்தாருக்கு அளித்தார். அக்குடும்பத்தார் அதனை அரும்பொருளகத்துக்கு வழங்க எண்ணியபோது, வீட்டுப் பிள்ளைகள் அதனைப் பிரிய மனமில்லையென்று மறுத்துவிட்டனராம். அதனால் வழங்குவது சிறிது காலம் தாழ்ந்தது. நாட்டின் வரலாற்றுச் சின்னம் என்பது பெரியவர் மதிப்பு. நம் கரடி என்பது பிள்ளைகள் மதிப்பு. இரண்டும் மெய்யே. பிள்ளைகளின் விருப்பத்துக்காகச் சிறிது காத்திருந்த அப்பெற்றோரை நாம் பாராட்டுகின்றோம்.

மற்றொரு கரடியைப் பற்றியும் கூறவேண்டும். அது சிறியது, கைக்குள் அடங்குவது. இரண்டாம் உலகப் போரிலே போலந்து நாட்டில், தன் பெயரையும் சமயத்தையும் மறைத்து வாழ நேர்ந்த ஒரு யூதச் சிறுமியின் பொம்மை அது. போர் முடிந்தபின் அவள் இங்கிலாந்துக்கு வந்தபோது அதுவும் உடன் வந்தது. பின்னாளில் அவள் அதற்கு இட்ட பெயர் 'அகதி'. வாஷிங்டனில் யூதப் பேரழிவின் நினைவாக அமைந்த அரும்பொருளகத்தில் அது இன்று காக்கப்படுகின்றது. 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் அதன் பிரதியொன்றை விண்வெளி வீரர் ஒருவர் 'டிஸ்கவரி' ஓடத்தில் விண்ணுக்குக் கொண்டுசென்று மீண்டார். அச்சிறு கரடியை ஏலத்திற் கூறினால் என்ன தொகை பெறும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க நாக்கூசும். ஒரு குழந்தை தன் பெயரையே இழந்து நின்றபோது அவளுக்கென்று இருந்த பொருள் அது. அதன் மதிப்பைக் குறிக்க அப்பெயர் ஒன்றே போதும்.

அகதி என்னும் சொல்லின் பொருளை நம்மவர்க்கு அகராதி பார்த்து விளக்கவேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, கையிற் கொண்டுபோகக் கூடியதை மட்டுமே கொண்டுபோயினர். அவ்வேளையிற் காணி உறுதியும் சான்றிதழும் எடுக்கப்பட்டன. பிள்ளையின் கையிலிருந்தது பிள்ளையோடு போயிற்று. மற்றவை வீட்டோடு நின்றன. மீண்டு வந்தவருட் பலர்க்கு வீடே இல்லை. ஆதலால் நம்மிடையே மூன்று தலைமுறைப் பொருள் ஒன்று எஞ்சியிருப்பின், அது மரப்பாச்சியாயினும் சரி, கப்பலில் வந்த கரடிப் பொம்மையாயினும் சரி, அது வாழ்ந்த வீட்டுக்குச் சான்று. அத்தகைய சான்றுகள் நம்மிடம் மிகச் சில. அவற்றை நாமே குப்பையில் இடுவோமாயின் பிறரை நோவதற்கு உரிமை குறைந்தவராவோம்.

விற்றல் கூடாது என்று நாம் கூறவில்லை. வறுமையுற்ற குடும்பம் ஒன்று தன் பழம் பொருளை விற்று ஒரு பிள்ளையின் படிப்பை முடிப்பதாயின், அப்பொருள் அக்குடும்பத்துக்குக் கடைசியாக ஒரு நன்மை செய்து சென்றது என்றே கொள்ளல் வேண்டும். உணர்ச்சியின் பெயரால் ஏழையை இடித்துரைத்தல் எளிது, அஃது அறமன்று. நாம் வற்புறுத்துவது வேறு. பொருள் போகலாம்; அதைப் பற்றிய அறிவு போகலாகாது. அது யாருடையது, எவர் கொடுத்தது, எந்த ஆண்டில் வந்தது, எந்தக் கையால் அதன் கிழிசல் தைக்கப்பட்டது என்பவை ஒரு தாளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதும்போது உள்ளதை உள்ளவாறே எழுதுக. ரூஸ்வெல்ட்டின் கரடி கதையிலே குட்டியாகிப் பிழைத்ததுபோல, நம் வீட்டு வரலாறும் அழகுக்காக மாறிவிடுதல் எளிது. அறியாததை அறியாதது என்று எழுதுவதும் வரலாற்றுத் தொண்டே.

ஏட்டுச் சுவடிகளுக்கு நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியபோது, தொட்டால் ஒடியும் நிலையிலிருந்த ஏடுகளோடு போராடினார். 1887இல் கலித்தொகை அச்சேறியது அவர் உழைப்பால். எத்தனையோ ஏடுகள் பகைவரால் அழிந்தவையல்ல. வைத்திருந்தவர்க்கு அவற்றின் மதிப்புத் தெரியாமையால் அழிந்தவை. பொம்மையும் தொல்காப்பியமும் ஒன்று என்று எவரும் கூறார். ஆயின் இரண்டையும் அழிக்கும் அறியாமை ஒன்றே. சிறிய பொருளைப் பேணிப் பழகிய கைகளே பெரிய பொருளையும் பேணும்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பாடத்தில் ஆண்டுதோறும் 'பசு', 'மழைக்காலம்', 'யான் ஒரு பழைய குடை' என்றே எழுதுவிக்கின்றோம். இவ்வாண்டு ஒருமுறையேனும், 'எங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய விளையாட்டுப் பொருள்' என்னும் தலைப்பைக் கொடுங்கள். பாட்டியிடமும் பாட்டனிடமும் கேட்டறிந்து எழுதுமாறு சொல்லுங்கள். பொருள் வீட்டில் இல்லையாயின், தொலைந்த பொருளைப் பற்றி எழுதட்டும்; எவ்வாறு தொலைந்தது என்பதும் வரலாறே. வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அவர்கள் கையிலுள்ள கரடியின் பெயரையும் கேட்டு எழுதிவைக்கலாம். அக்கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர், பிழைகளுக்குச் சிவப்பு மையிடுவதோடு நில்லாது, நல்லவற்றின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திற் சேர்த்துவைப்பாராக. இன்று அவை சிறுவர் எழுத்து. ஐம்பது ஆண்டு கழிந்தபின் அவை ஓர் ஊரின் ஆவணம்.

விலையைச் சந்தை சொல்லும். அது இன்று ஏறும், நாளை இறங்கும். மதிப்பை வீட்டார்தாம் சொல்லவேண்டும். சொல்லத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் இளையோர் கடன்.